ஓவியரிடம் சொல்லி வரைய வைப்பதா, வரைந்ததை வாங்குவதா, அச்செடுத்து மாட்டுவதா?

மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் கோயம்புத்தூரில் இருக்கிறார். திருவாரூருக்குப் பக்கத்தில் உள்ள அவருடைய பூர்வீக வீடு தை பிறந்ததும் கைமாறுகிறது. வாங்குகிறவர் இடித்துவிட்டுக் கட்டப்போகிறார். அதற்குள் வீட்டை ஓவியமாக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். இன்னொரு பெண்மணிக்குப் பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்கு அவர்களுடைய உருவப்படம் வேண்டும். இரண்டு மாதம்தான் இருக்கிறது. மூன்றாமவர் புது அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோயிருக்கிறார். வரவேற்பறையில் எட்டடிச் சுவர் வெறுமையாக நிற்கிறது. "தஞ்சாவூர்ப் படம் மாதிரி ஏதாவது நல்லதாக" வேண்டுமாம்.

மூவரும் கேட்டது, "நல்ல ஓவியர் யாராவது தெரியுமா?" என்று. மூவருக்குமே ஓவியர் தேவையா என்பதுதான் என் சந்தேகம்.

நான் தூரிகை பிடித்தவன் இல்லை. பிடித்தவர்களிடம் சொல்லி வரைய வைத்து, பணம் கொடுத்து, காத்திருந்து பார்த்தவன். மூன்று ஓவியங்களில் ஒன்று கூடத்தில் இருக்கிறது, ஒன்று மாடிப்படிச் சுவரில், ஒன்று பரணில். பரணில் இருப்பது அப்பாவின் படம். அவர் காலமான மறு வருடம் வரையச் சொன்னேன். ஆதாரமாகக் கொடுத்தது ஒரு கல்யாண வீட்டுக் குழுப் படம். மூன்றாவது வரிசையில் நிற்கிற அப்பாவின் முகம் சுண்டுவிரல் நகத்தளவு. அதையும் சட்டத்திலிருந்து கழற்றாமல் கண்ணாடியோடு செல்பேசியில் எடுத்து அனுப்பினேன். "இதைவிடப் பெரிய படம் இல்லையா?" என்று ஓவியர் கேட்டார். இல்லை என்றேன். இருந்தது, பீரோவைக் குடையச் சோம்பல். ஆறு வாரம் கழித்து 18-க்கு 24 அங்குலத்தில் எண்ணெய் ஓவியம் வந்தது. சட்டைக் காலரின் மடிப்பு, தோளில் விழும் வெளிச்சம் எல்லாம் அருமை. அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "படம் நன்றாக இருக்கிறது. யார் இது?" என்றார்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஆறு விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கையில் என்ன ஆதாரம் இருக்கிறது? உருவப்படமென்றால் பாதிச் சண்டை இங்கேயே முடிந்துவிடும். முகம் பெரிதாக, பக்கவாட்டு வெளிச்சத்தில், தெளிவாக விழுந்த ஒரு படம் போதும். பாஸ்போர்ட் படத்தில் நேர் எதிரிலிருந்து அடிக்கும் விளக்கு முகத்தின் மேடு பள்ளங்களைத் தட்டையாக்கிவிடுகிறது. கைக்கெட்டும் தூரத்தில் எடுத்த செல்பி மூக்கைப் பெரிதாக்கிக் காதுகளைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பழைய ஸ்டூடியோ கறுப்பு வெள்ளைப் படம் இவற்றைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதில் தோலின் நிறம் கிடையாது. அதே நிறமுள்ள ஒரு தம்பியோ மகளோ இருந்தால், பகல் வெளிச்சத்தில் அவரை எடுத்து அந்தப் படத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

யார் பார்த்து 'ஆமாம், இவர்தான்' என்று சொல்ல வேண்டும்? கோயில் கோபுரத்தை வரையும்போது ஒரு நிலை கூடக் குறைய இருந்தால் பெரும்பாலோர் கவனிக்க மாட்டார்கள். அம்மாவின் முகவாய் ஒரு நூல் நீண்டுவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எந்தச் சுவர்? மேற்கு வெயில் விழும் சுவரா, மழைக்காலத்தில் ஈரம் கோக்கும் வெளிச்சுவரா, மேலே டியூப்லைட் இருக்கிறதா? அளவு நாடாவோடு ஒரு முறை நின்று பாருங்கள். செய்தித்தாளை அந்த அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டுவைத்தால், கேட்க நினைத்த அளவு பெரிதா சிறிதா என்பது செலவில்லாமல் தெரிந்துவிடும்.

எந்த நாளுக்குள் வேண்டும்? விசேஷ நாளைச் சொல்லாதீர்கள். சட்டம் போட ஒரு வாரம், திருத்தத்துக்கு ஒரு வாரம் கழித்து, அதற்கு முந்தைய நாளைச் சொல்லுங்கள்.

சுவரில் ஏறும்வரை மொத்தம் எவ்வளவு? ஓவியரின் கூலி ஒரு பகுதிதான். சட்டம், கண்ணாடி, பழைய படத்தை ஸ்கேன் செய்வது, பெட்டி கட்டி அனுப்புவது, ஆணி அடிக்க வருகிறவர் எல்லாம் தனி.

எவ்வளவு விட்டுக்கொடுப்பீர்கள்? கண்ணை மூடினால் படம் முழுவதும், அதன் மூலையில் நிற்கும் பூந்தொட்டி உட்பட, உங்களுக்குத் தெரிகிறதா? அப்படியென்றால் அந்தப் படம் ஏற்கெனவே வரைந்தாகிவிட்டது. உங்களுக்கு வேண்டியது அதை நகலெடுக்கும் கை மட்டும். அதற்கு மலிவான வழிகள் இருக்கின்றன. ஓவியரிடம் போகிறவர் வாங்குவது அவருடைய பார்வையை. நாம் பார்க்காத ஒன்றை அவர் பார்க்கக்கூடும் என்பதற்குத்தான் அந்தப் பணம். கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கேள்வியைத் தங்களிடம் கேட்டுக்கொள்வதே இல்லை.

## வழி 1: தனி ஓவியரிடம் நேரே சொல்வது

அருமையான வழியும் இதுதான், ஆபத்தான வழியும் இதுதான். நடுவில் யாரும் இல்லாததால் கொடுக்கிற பணம் முழுதும் வரைகிறவருக்குப் போகிறது. முன்வரைவு நிலையிலேயே உட்கார்ந்து பேசலாம். மறுபுறம், அவருக்குக் காய்ச்சல் வந்தால் உங்கள் வேலை நிற்கும்; மனத்தாங்கல் வந்தால் தீர்த்துவைக்க ஆள் இல்லை.

விலை எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால் பேரம் பேசும் கூச்சமும் போகும், ஏமாறும் பயமும் போகும். பல ஓவியர்கள் சதுர அங்குலக் கணக்கில் சொல்கிறார்கள். ஒரு பேச்சுக்கு, சதுர அங்குலத்துக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 24-க்கு 36 அங்குலப் படம் 864 சதுர அங்குலம், 25,920 ரூபாய். அதே கணக்கில் 12-க்கு 16 அங்குலப் படத்துக்கு 5,760 ரூபாய்தான் வர வேண்டும். ஆனால் முகத்தில் சாயல் பிடிக்கும் உழைப்பு அளவைப் பார்த்துக் குறைவதில்லை. அதனால்தான் சின்னப் படத்துக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை வைத்திருக்கிறார்கள். இரண்டாவது முகத்துக்குத் தனியாகக் கேட்பதும் இதனால்தான். நியாயமானதே.

எந்த ஊடகம் என்பதை ஓவியரின் பழக்கத்துக்கு விட்டுவிடுவது நல்லது. ஆனாலும் ஒவ்வொன்றின் குணமும் தெரிந்திருக்க வேண்டும்.

எண்ணெய் வண்ணம் நெடுநாள் உழைக்கும். தோலின் ஆழத்தை அது காட்டுகிற மாதிரி வேறெதுவும் காட்டாது. ஆனால் அது தண்ணீர் ஆவியாகிக் காய்வதைப்போலக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். அடுத்த பூச்சு அதற்குப் பிறகுதான். கடைசி வார்னிஷ் பூசுவதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பொறுக்க வேண்டும் என்பது மரபு. அந்த வார்னிஷுக்காக மறுபடி எடுத்துப் போகும் செலவை யாரும் முதல் நாளில் சொல்வதில்லை. நீங்களே கேளுங்கள்.

அக்ரிலிக் ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்துவிடும். இரண்டு மாதக் கெடுவுக்கு ஏற்றது. அறுபதாம் கல்யாணப் பெண்மணிக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான். காயும்போது நிறம் ஒரு படி கறுக்கும் என்பதால் முகத்தில் நிறம் சேர்ப்பதற்குத் தேர்ந்த கை வேண்டும். அவர் காட்டிய ஓவியரின் அக்ரிலிக் முகங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. அதே ஓவியரின் கரிக்கோல் சித்திரங்கள் உயிரோடு இருந்தன. அதையே வரையச் சொல்லுங்கள் என்றேன். கரிக்கோல் மலிவு, வேகமானது, வயதான முகங்களின் சுருக்கத்துக்கு அதைப்போல் மரியாதை செய்வது வேறில்லை. "அறுபதாம் கல்யாணத்துக்குக் கறுப்பு வெள்ளையா?" என்று வீட்டில் சண்டை நடக்கிறது. அதில் நான் தலையிட முடியாது.

நீர்வண்ணம் வீடு, தெரு, குளம் போன்றவற்றுக்கு ஏற்றது. ஆனால் நம் ஊர் வெயிலும் ஈரமும் காகிதத்துக்குப் பகை. பருத்திக் காகிதமா, சதுர மீட்டருக்கு 300 கிராம் கனமா என்று கேளுங்கள். வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். முக்கியமாக, ஓவியத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். மாடிப்படிச் சுவரில் இருக்கும் என் நீர்வண்ணத்தைச் சட்டம் போட்டவர் அட்டையை மிச்சப்படுத்திவிட்டார். இரண்டாவது ஐப்பசியில் வானத்தின் ஒரு மூலை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் பழுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை. சட்டத்தில் மிச்சமான சில நூறு ரூபாய்க்காக வானம் போனது.

எந்த ஊடகமானாலும் வண்ணத்தின் தரத்தைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். மாணவர் தர வண்ணமும் ஓவியர் தர வண்ணமும் முதல் நாளில் ஒன்றுபோலவே இருக்கும். வெளிச்சத்தில் சில வருடம் நின்ற பிறகுதான் சாயம் வெளுக்கும். சில சிவப்புகள், குறிப்பாக அலிசரின் என்ற பழைய கருஞ்சிவப்பு, இந்த விஷயத்தில் பெயர் கெட்டவை. பட்டுப்புடவைக்கு எந்தச் சிவப்பு என்று கேட்டால் நல்ல ஓவியர் கோபிக்க மாட்டார், மகிழ்வார்.

இனி, யாரும் விலைப்பட்டியலில் எழுதாத செலவு: உறவினர்கள். முன்வரைவைக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டால், சித்தப்பா மீசையைக் குறைக்கச் சொல்வார். அத்தை விபூதி சேர்க்கச் சொல்வார். துபாயிலிருக்கும் தம்பி பத்து வயது குறைக்கச் சொல்வான். ஒவ்வொரு திருத்தத்துக்கும் முகம் கொஞ்சம் மரத்துப்போகும். கடைசியில் வருவது எல்லோரும் ஒப்புக்கொண்ட, யாரும் அல்லாத ஒரு முகம். ஓவியரோடு பேசுவது ஒரே ஒருவராக இருக்கட்டும். திருத்தங்கள் முன்வரைவில் இரண்டு, வண்ணத்தில் ஒன்று என்று முதலிலேயே எண்ணிவிடுங்கள்.

இது யாருக்கு? நல்ல ஆதாரமும் மூன்று மாதமும் கையில் உள்ளவருக்கு. அந்த ஓவியரின் பத்துப் படங்களையாவது நேரில் பார்த்து, அவர் பாணியே வேண்டும் என்று கேட்பவருக்கு. நீர்வண்ணக்காரரிடம் போய் எண்ணெய் உருவப்படம் கேட்பது, பந்தல் போடுகிறவரிடம் நாதஸ்வரம் கேட்பது மாதிரி.

## வழி 2: பட்டறையில் சொல்வது

தஞ்சாவூர் ஓவியம் பெரும்பாலும் பட்டறை வேலை. பலகை தயாரிப்பவர் ஒருவர், மக்கு (மேடாக்கும் பசைக்களி) வேலை செய்பவர் ஒருவர், முகம் எழுதுபவர் ஒருவர். மராட்டியர் காலத்தில், குறிப்பாக இரண்டாம் சரபோஜி ஆண்ட 1798 முதல் 1832 வரையிலான ஆண்டுகளில் செழித்த கலை இது. 2007-08இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. முன்பு பலாப்பலகை, அதனால்தான் 'பலகைப் படம்' என்ற பெயர். இப்போது பெரும்பாலும் பிளைவுட். அதன்மேல் துணியை ஒட்டி, சுக்கான் (சுண்ணாம்புக்கல்) தூளும் பசையும் குழைத்துப் பூசித் தேய்த்து, நகைகளையும் தூண்களையும் மக்கால் மேடாக்கி, கல் பதித்து, தங்க ரேக்கு (மெல்லிய தகடு) ஒட்டி, வண்ணம் தீட்டி, கடைசியில் கண் திறக்கிறார்கள்.

எட்டடிச் சுவர்க்காரர் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று தங்கம். 22 காரட் ரேக்கு நிறம் மாறாது. பித்தளைக் கலவை ரேக்கு பளபளவென்று வந்து, சில வருடங்களில் கறுக்கும். விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி இங்கேதான் ஒளிந்திருக்கிறது. எந்த ரேக்கு என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். இரண்டாவது வெளிச்சம். இந்த ஓவியங்கள் பூஜை அறைக்கும் பஜனைக் கூடத்துக்கும் பிறந்தவை. விளக்கு வெளிச்சம் பக்கவாட்டில் பட்டு, மேடான தங்கம் இருட்டிலிருந்து மெல்ல எழும்ப வேண்டும். வெள்ளை எல்இடி வெளிச்சத்தில், கண்ணாடிக்குப் பின்னால், சோபாவுக்கு மேல் மாட்டினால் நகைக்கடை விளம்பரம்போல் ஆகிவிடும். மஞ்சள் விளக்கு ஒன்று தனியாகப் போட வேண்டும். அந்த மின்வேலையையும் செலவில் சேருங்கள். பலகை, தேக்குச் சட்டம், கண்ணாடி எல்லாம் சேர்ந்து கனமும் அதிகம். மெல்லிய தடுப்புச் சுவர் தாங்காது.

பெற்றோரைத் தஞ்சாவூர்ப் பாணியில் எழுதலாமா என்று சிலர் கேட்கிறார்கள். எழுதலாம், சரபோஜி மன்னரையே அந்தப் பாணியில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாணியின் முகம் உருண்டு திரண்ட தெய்வ முகம். சாயலை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

இது யாருக்கு? நவநீத கிருஷ்ணரோ பட்டாபிஷேகமோ, உருவம் மரபில் முன்பே முடிவான படம் வேண்டுபவருக்கு. நீங்கள் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை, ஓவியர் கண்டுபிடிக்கவும் எதுவும் இல்லை. வேலையின் நேர்த்திக்குத்தான் காசு.

## வழி 3: இடையாள் மூலம்

காட்சிக்கூடமோ இணையதளமோ நடுவில் இருக்கும் வழி. ஓவியர் ஏமாற்றினால் கேட்க ஒரு முகவரி இருக்கிறது. பெட்டி கட்டி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. நல்ல காட்சிக்கூடம் உங்கள் ரசனையைப் பார்த்து ஓவியரைப் பொருத்திக் கொடுக்கும். அதற்கான தரகு விலையிலேயே சேர்ந்திருக்கும். குறை குறைதான் என்றாலும், பேசத் தெரியாதவர்களுக்கு அது கொடுக்கத் தகுந்த தரகு.

'ஏழே நாளில் கையால் வரைந்த உருவப்படம்' என்று விற்கும் இணையதளங்கள் வேறு வகை. யார் வரைகிறார் என்று பெயர் சொல்ல மாட்டார்கள். சிலவற்றில் வருவது கேன்வாஸ் அச்சின்மேல் நிறமற்ற பசையைத் தூரிகைத் தடம்போல இழுத்தது. சோதிப்பது எளிது. பூதக்கண்ணாடியில் பாருங்கள், வண்ணம் நுண்ணிய புள்ளிகளாகச் சிதறினால் அச்சு. தூரிகைத் தடம் மூக்கின் வளைவோடு போகாமல் எங்கும் ஒரே சீராகப் போனாலும் சந்தேகப்படுங்கள்.

இது யாருக்கு? வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுப்பவருக்கும், ரசீதும் வரிப் பட்டியலும் கட்டாயமாக வேண்டும் நிறுவனத்துக்கும்.

## வழி 4: வரைந்து வைத்ததை வாங்குவது

எட்டடிச் சுவர்க்காரருக்கு என் பதில் இதுதான். அவருக்குக் குறிப்பிட்ட முகமோ வீடோ இல்லை. நல்ல படம் ஒன்று வேண்டும், அவ்வளவே. நல்ல படங்கள் ஏற்கெனவே எங்கோ சுவரில் சாய்ந்து நிற்கின்றன.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் இருக்கிறது. கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சேர்ந்து 1966இல் அமைத்த கிராமம். பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்த வருமானத்தில் தங்கள் ஓவியத்தைக் காப்பாற்றிக்கொண்டவர்கள். இன்றும் அங்கே பார்க்கலாம், வாங்கலாம். சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் கண்காட்சிகள் நடக்கும். 1850இல் தொடங்கிய சென்னைக் கவின்கலைக் கல்லூரியிலும், கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியிலும் மாணவர் கண்காட்சி நடக்கும்போது போனால் வருங்காலத்தை மலிவு விலையில் பார்க்கலாம். பெங்களூரில் ஆண்டுதோறும் ஜனவரியில் சித்திரச் சந்தை கூடுகிறது. குமார கிருபா சாலை முழுதும் ஓவியர்கள் தாங்களே கடை விரித்து நிற்பார்கள்.

இந்த வழியின் பெரிய லாபம்: பார்த்ததைத்தான் வாங்குகிறீர்கள். 'வந்த பிறகு பார்ப்போம்' என்ற கலக்கம் இல்லை. மறைந்த செலவு, அளவு. மூன்றடிப் படத்தை எட்டடிச் சுவரில் மாட்டினால் தபால்தலைபோலத் தெரியும். அதற்கும் ஒரு வழி உண்டு. பிடித்த படத்தைக் காட்டி, "இதே மனநிலையில், எங்கள் சுவர் அளவுக்கு ஒன்று" என்று அந்த ஓவியரிடமே கேட்கலாம். அவருக்குப் பழகிய தடம், உங்களுக்குத் தெரிந்த ருசி. நான் பார்த்தவரையில், சொல்லி வரைய வைத்த ஓவியங்களில் அதிகம் வெற்றி பெற்றவை இப்படிப்பட்டவைதான்.

## வழி 5: அச்செடுத்து மாட்டுவது

இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்க வேண்டியதில்லை. பரோடா மன்னர் சயாஜிராவுக்காகப் பதினான்கு புராண ஓவியங்களைத் தீட்டிய ரவிவர்மாதான் 1894இல் கல்லில் படம் எழுதி அச்சிடும் கல்லச்சகமும் தொடங்கினார். நம் வீடுகளின் லட்சுமியும் சரஸ்வதியும் அந்தக் கற்கள் வழியாகவும், பிறகு கோவில்பட்டி கொண்டையா ராஜு போன்றவர்கள் எழுதிச் சிவகாசியில் அச்சான நாட்காட்டிகள் வழியாகவும் வந்தவர்கள். அச்சுக்குக் கற்பூரம் காட்டி வளர்ந்த சமூகம் நாம்.

அம்மாவின் அந்தச் சிரிப்பு அந்தப் புகைப்படத்தில் இருப்பதுபோல அப்படியே வேண்டும் என்றால், அந்தப் புகைப்படத்தையே நல்ல தாளில் பெரிதாக்குங்கள். கீறல், கறை நீக்கத் தேர்ந்த ஒருவரிடம் கொடுங்கள். அச்சுக்கூலியைவிட அவருக்குக் கொடுப்பது அதிகமாகலாம். அதுதான் இந்த வழியின் மறைந்த செலவு.

ஒரு எச்சரிக்கை. மங்கிய முகத்தை நொடியில் தெளிவாக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இருப்பதைத் துலக்குவதில்லை. இல்லாததை ஊகித்து வைக்கின்றன. இமை மயிர் எண்ணும்படி ஒரு கண் வரும். அது உங்கள் தாத்தாவின் கண்ணாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அந்தப் படத்தை மட்டும் ஓவியரிடம் ஆதாரமாகக் கொடுத்தால், அவர் மாதக்கணக்கில் உழைத்து வேறொருவரை வரைந்து கொடுப்பார். மூலப் படத்தையும் சேர்த்தே கொடுங்கள்.

| வழி | சாயல் | காலம் | மறைந்த செலவு | எப்போது இதுவே மேல் |
|---|---|---|---|---|
| தனி ஓவியர் | ஆதாரமும் கையும் பொறுத்தது | 1 முதல் 4 மாதம் | சட்டம், வார்னிஷ், உறவினர் திருத்தங்கள் | அவர் பார்வையே வேண்டும்போது |
| பட்டறை | எதிர்பார்க்க வேண்டாம் | அளவும் மக்கு வேலையும் பொறுத்தது | ரேக்கின் தரம், விளக்கு, கனம் | மரபான தெய்வ உருவம் |
| இடையாள் | வரைபவர் யாரென்று தெரிந்தால் மட்டும் நம்பலாம் | சொன்னபடி கிடைக்கும் | தரகு, நேரில் பேச முடியாமை | தொலைவிலிருந்து வாங்கும்போது |
| வரைந்து வைத்தது | பொருந்தாது | அன்றே | அளவுப் பொருத்தம், அலைச்சல் | சுவருக்கு நல்ல படம் மட்டும் போதும்போது |
| அச்சு | முழுச் சாயல் | சில நாள் | பழுதுபார்க்கும் கூலி, நிறம் வெளுத்தல் | படம் ஏற்கெனவே மனதில் முடிந்தபோது |

## தாளில் எழுத வேண்டியது

முதல் வழியைத் தேர்ந்தெடுப்பவர் ஒரு பக்கத் தாள் ஒன்று எழுதிக்கொள்ள வேண்டும். வக்கீல் வேண்டாம், இருவரும் கையெழுத்திட்டால் போதும். அளவு (சட்டம் சேர்த்தா, சேர்க்காமலா), ஊடகம், கேன்வாஸா காகிதமா, எத்தனை திருத்தம், முன்பணம் எவ்வளவு, முன்வரைவுக்குப் பின் வேண்டாமென்றால் என்ன திரும்பும். முன்பணம் திரும்பாது என்பதே முறை. மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தவருக்கு அது கூலி.

உரிமை விஷயத்தில் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்து ஒருவர் சொல்லி வரைய வைத்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, சொன்னவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர். ஓவியர் தம் விதிமுறைகளில் வேறு மாதிரி எழுதியிருந்து நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் அதுதான் செல்லும். வரைந்து வைத்ததை வாங்கினால் நிலைமை வேறு: படம் உங்களுடையது, நகலெடுக்கும் உரிமை ஓவியருடையது. அதைக் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்க அவரைக் கேட்க வேண்டும்.

இரண்டிலும் ஓவியரை விட்டுப் போகாத ஒன்று உண்டு. 57ஆம் பிரிவு, பெயர் விளங்கும் உரிமையையும், படைப்பு சிதைக்கப்பட்டுத் தன் பெயர் கெட்டால் கேட்கும் உரிமையையும் அவருக்குக் கொடுக்கிறது. சிற்பி அமர்நாத் சேகல் தில்லி விஞ்ஞான் பவனுக்காகச் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசு பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டுச் சேதப்படுத்தியது. 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் மிஞ்சியதை அவரிடமே திருப்பித் தரச் சொல்லி, ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது. நம் வீட்டளவில் இதன் பொருள்: கையெழுத்தை மறைக்கச் சொல்லாதீர்கள், வாங்கிவைத்த சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று ஓரத்தில் இரண்டு அங்குலம் வெட்டாதீர்கள்.

## திருவாரூர் வீட்டுக்காரருக்கு

மூவரில் ஓவியர் கட்டாயம் தேவை என்று நான் நினைப்பது இவருக்குத்தான். வீடு போன பிறகு புகைப்படம் பார்த்து வரைவதற்கும், நிற்கும்போதே ஓவியர் அதற்குள் நடப்பதற்கும் உள்ள தூரம் பெரிது.

எங்கள் மாயவரத்து வீட்டை வரையச் சொன்னபோது நான் கேட்டது முன்வாசல்: திண்ணை, தூண், நிலைக்கதவு. வந்தவர் காலை முழுதும் திண்ணைப் பக்கமே போகவில்லை. கொல்லையில் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். துவைகல், துளசி மாடம், ஓட்டு இறக்கத்தில் தொங்கும் பழைய கயிறு, பாசி பிடித்த சுவரில் பதினோரு மணி வெயில். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்; கேட்டது ஒன்று, நடப்பது ஒன்று. திண்ணையைப் புகைப்படமாகவே வைத்துக்கொள்ளலாமே என்று அவர் சொன்னபோது பதில் சொல்லத் தெரியவில்லை. கூடத்தில் மாட்டியிருப்பது அந்தக் கிணற்றடிதான். திண்ணை செல்பேசியில் எங்கோ இருக்கிறது.

ஆகவே, மார்கழிக்குள் ஒரு நாள் ஓவியரை அழைத்துக்கொண்டு போங்கள். ரயில் டிக்கெட், சாப்பாடு, முடிந்தால் ஒரு இரவு தங்கல் உங்கள் செலவு. அதைக் கூலியோடு குழப்பாதீர்கள். காலையிலும் மாலை நான்கு மணிக்கும் எல்லா அறைகளையும் நீங்களும் படமெடுத்துக்கொள்ளுங்கள். தூண் உயரம், கதவு அகலம் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஓவியர் எங்கே உட்கார்கிறார் என்று பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் போகாதீர்கள். போவதற்கு முன் கொல்லைக்கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துவிடுங்கள். எங்களுக்கு அரை நாள் அதிலேயே போயிற்று.